தெரிஞ்சிருந்தா அண்ணன்

ஒரு மனிதருக்குள் ஒரே ஒரு மனிதர்தான் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கும் வாசகர்கள் கொடுத்துவைத்தவர்கள். தனக்குள் குறைந்தது மூன்று பேரைக் குடிவைத்துக்கொண்டு, மூவரிடமும் தனித்தனியே அபிப்பிராயம் கேட்காமல் ஒரு பிளேன்டிகூடக் குடிக்காத ஒருவரோடு நான் வேலை செய்திருக்கிறேன். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை இரண்டிலும் வலைபோட்டுத் தேடினாலும் அப்படி இன்னொருவர் அகப்படமாட்டார். அகப்பட்டிருந்தால் அவரையும் எங்கள் கம்பனியே வேலைக்கு எடுத்திருக்கும். அப்படிப்பட்ட கம்பனி அது.

ஆரையம்பதி முடிந்து காத்தான்குடி தொடங்குகிற இடத்தில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. எங்கோ தூர தேசத்தில் செய்கிற செயற்கை நுண்ணறிவு இயந்திரம் ஒன்றுக்குத் தமிழில் நல்ல புத்தி சொல்லிக் கொடுப்பது எங்கள் தொழில். திரையில் யாரோ கேட்ட கேள்வி ஒன்று வரும். அதற்கு இயந்திரம் சொன்ன பதில்கள் இரண்டு வரும். எது நல்ல பதில் என்று பார்த்து அதன் பொத்தானை அமத்திவிட்டு, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். நான் குழுத் தலைவி. அதாவது, மற்றவர்கள் கெதியாக அமத்துகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவள்.

நான் முதலில் சொன்ன அந்த மனிதர் அமத்தவே மாட்டார்.

இங்கே வருவதற்கு முன்னர் அவர் ஏ.எல். சோதினை எழுதுகிற பிள்ளைகளுக்கு அளவையியல் ரியூசன் கொடுத்தவர். தர்க்கம் படிப்பிக்கிற பாடம் அது. “சேர், இது சோதினைக்கு வருமா?” என்று ஒரு பிள்ளை கேட்டதாம். “வருமா எண்டு கேக்கிறியா, வரவேணுமா எண்டு கேக்கிறியா?” என்று இவர் திருப்பிக் கேட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்தாராம். விளக்கம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது கரும்பலகைக்கு முன்னால் வாங்குகள் மட்டும்தான் இருந்தனவாம். அவரே சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இது.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அதை யாரும் பாவித்ததில்லை. எந்தக் கதையைத் தொடங்கினாலும் “அவருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா…” என்றுதான் தொடங்குவார். ஆகையால் தெரிஞ்சிருந்தா அண்ணன்.

அவர் சேர்ந்த முதல் நாளே, பக்கத்து மேசை பசீலா தேநீர் போட எழும்பினாள். காத்தான்குடிப் பிள்ளை. கண்ணும் கெட்டி, வாயும் கெட்டி.

“அண்ணன், சீனி போடவா?”

“எந்த என்னட்டக் கேக்கிறீங்க தங்கச்சி?”

பசீலா கரண்டியோடு நின்றாள்.

“இப்ப தாகத்தோட இரிக்கிற நான் ஒராள். அவருக்குச் சீனி வேணும். என்ட ரத்தத்தச் சோதிச்ச துண்டப் பாத்த நான் இன்னொராள். அவருக்கு வேணாம். நான் எப்பிடி இரிக்கோணுமெண்டு ஆசப்படுறனோ, அந்த ஆள் மூண்டாமாள். அவர் தேத்தண்ணியே குடிக்கமாட்டார். காலைல எழும்பிக் கடற்கரையில ஓடுறார்.”

“அந்த ஓடுறவர எனக்குத் தெரியா அண்ணன்,” என்றாள் பசீலா. “தெரிஞ்சவருக்குத்தான் நான் தேத்தண்ணி ஊத்துவன். இப்ப கதிரையில இரிக்கிறவருக்கு எத்தின கரண்டி?”

“ரெண்டு,” என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அன்றைக்குத் தொடங்கியது இருவருக்கும் சண்டை.

வேலையிலும் இதே கதைதான். ஒருநாள் ஒரு கேள்வி வந்தது. அடுத்த வீட்டுக்காரனின் சேவல் விடியப்புறத்தில் கூவி நித்திரையைக் கெடுக்கிறது. அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏசி ஒரு கடிதம் எழுதித் தா என்று ஒருவர் கேட்டிருந்தார். இயந்திரத்தின் முதல் பதில் அந்த ஏச்சை அருமையாக எழுதியிருந்தது. வாசித்த எனக்கே அந்தச் சேவல்காரன்மீது வெறுப்பு வந்துவிட்டது. இரண்டாவது பதில் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் வைத்தது. ஒன்றை அமத்திவிட்டுப் போகவேண்டிய இடத்தில் அண்ணன் மதியம் வரைக்கும் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“இந்தாள் கேட்டது ஏச்சு, லீடர். தேடுறது நித்திர. அந்தச் சேவல் கிழடாப் போயிட்டு, வாற கிழம அத அறுக்கப் போறாங்க எண்டு இவருக்குத் தெரிஞ்சிருந்தா, இந்தக் கேள்வியே கேட்டிரிக்கமாட்டார்.”

“சேவல் கிழடு எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியா! எனக்கும் தெரியா, மெசினுக்கும் தெரியா. தெரியாத மெசின் முதல்ல என்ன செய்யோணும்? ‘ஐயா, அவரோட ஒருக்காக் கதைச்சுப் பாத்தீங்களா’ எண்டு கேக்கோணும். ரெண்டும் கேக்கல்ல. ரெண்டும் பெயில்.”

பெயில் என்று அமத்துவதற்குப் பொத்தான் இல்லை. கொழும்பிலிருந்த மேலாளர், தயவுசெய்து ஏதாவது ஒன்றை அமத்துங்கள் என்று செய்தி அனுப்பினார். அண்ணன் உடனே பதில் எழுதினார்: “நீங்கள் இப்போது கேட்பது வேகம். உங்களுடைய உண்மையான விருப்பம் நல்ல இயந்திரம். இரண்டில் எந்த விருப்பத்துக்கு நான் கீழ்ப்படிவது?” அதற்குப் பிறகு இரண்டு நாட்களுக்கு மேலாளரிடமிருந்து சத்தமில்லை. சுகவீன லீவில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

அடுத்தது ஏசிப் பிரச்சினை. சிலருக்குக் குளிர், சிலருக்கு வேர்வை. ரிமோட்டுக்காகச் சண்டை. அண்ணன் எழும்பி நின்று அறிவித்தார்: “சண்ட வாறது அறியாமையால. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சா, எல்லார்ட விருப்பமும் ஒரே இடத்துக்கு வந்து சேரும்.”

எல்லாருக்கும் எல்லாம் தெரிவிக்கக் கூட்டம் வைத்தார். எந்த மேசையில் காற்று நேரே விழுகிறது, எந்த யன்னலால் வெயில் வருகிறது, யாருக்குப் பீனிசம், யாருக்குத் தலையிடி எல்லாம் வெளியே வந்தன. கூட்டத்துக்கு முன் இரண்டு கட்சி இருந்தது. முடிந்தபோது ஆளுக்கொரு கட்சி. அதுவரை ஏசி ஓடுகிறதா நிற்கிறதா என்றே கவனிக்காத ஒருவர், தன்னுடைய முதுகுக்கு இவ்வளவு காலமும் அநியாயம் நடந்திருக்கிறது என்று அன்றுதான் கண்டுபிடித்துக் கத்தத் தொடங்கினார்.

“இன்னும் கொஞ்சம் தெரியோணும் போல,” என்றார் அண்ணன்.

நான் ரிமோட்டை எடுத்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அத்தோடு பிரச்சினை தீர்ந்தது.

இவ்வளவையும் சிரிப்பும் சண்டையுமாகத் தாங்கிக்கொண்ட பசீலா பொங்கியது சோத்துப் பார்சலில். அன்றைக்கு மதியச் சாப்பாடு வாங்கிவர அண்ணன் போனார். பசீலா கோழிப் புரியாணி சொல்லிவிட்டிருந்தாள். அண்ணன் திரும்பி வந்து எல்லாருடைய மேசையிலும் ஒவ்வொரு பார்சல் வைத்தார். அவள் அவிழ்த்துப் பார்த்தாள். சோறு, பருப்பு, பொன்னாங்காணிக் கீரைச் சுண்டல்.

“என்ன அண்ணன் இது?”

“தங்கச்சி, நீங்க கேட்டது புரியாணி. அந்தக் கடையின்ட குசினிய நான் இண்டைக்குப் பின்பக்கத்தால பாத்தன். அத நீங்க பாத்திரிந்தா கேட்டிரிக்கமாட்டீங்க. அதான், நீங்க என்ன கேட்டிரிப்பீங்களோ அத வாங்கிட்டு வந்தன்.”

பசீலா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். “அந்தக் கட என்ட மாமாட கட! அந்தக் குசினிக்குள்ளதான் நான் ஓடி விளையாடி வளர்ந்த. அந்தச் சட்டி, அந்தப் புகை, மாமாட வேர்வை எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்கு வேணும். வெளங்குதா? தெரிஞ்சும்! இது நான் கேட்டிரிக்கக்கூடியதில்ல அண்ணன். நீங்க கேட்டிரிக்கக்கூடியது. உங்கட விருப்பத்தத் தூக்கி என்ட வாய்க்குள்ள வெச்சிட்டு, என்ட விருப்பம் எண்டு சொல்றீங்க.”

ரியூசன் வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்ட பிள்ளைகளை மணிக்கணக்காகச் சமாளித்தவர், அன்று அவளுடைய பார்சலைத் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டார். படியிறங்கிப் போய்க் கோழிப் புரியாணி வாங்கி வந்து அவள் மேசையில் வைத்தார். அந்தப் பின்னேரம் முழுவதும், கேள்விகளைப் பார்த்து உடனுக்குடன் அமத்தினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அவருக்கு வீடு குருக்கள்மடம். எனக்கு அதற்கும் அப்பால் களுவாஞ்சிக்குடி. ஒரே பஸ். வழக்கமாகக் கதைத்துக்கொண்டே வருவார்; ஆரையம்பதிக்குள்ளால் போகிறபோது மட்டும் வாய் நின்றுவிடும். அன்றைக்கு ஆரையம்பதியில்தான் வாய் திறந்தார்.

“இஞ்சதான் என்ட அக்கா இரிக்கிறா.”

அவருக்கு ஒரு அக்கா இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அக்காவின் மகளுக்கு ஒரு சம்மந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். தாய்மாமனான இவருக்கு மனச்சாட்சி குத்தியிருக்கிறது. எல்லாம் தெரியாமல் சொல்கிற சம்மதம் ஒரு சம்மதமா? எழும்பி நின்று, “எங்கட புள்ளைக்குச் சமைக்கத் தெரியா. பத்து மணிக்குத்தான் எழும்புவா. கோவம் வந்தா சாமான் எறிவா. இதெல்லாம் தெரிஞ்சிருந்தா நீங்க வந்திரிக்கமாட்டீங்கதானே?” என்று கேட்டுவிட்டார். வந்தவர்கள் அப்படியே எழும்பிப் போய்விட்டார்கள்.

“பிறகு?” என்றேன்.

“மாப்பிள்ளப் பொடியன் மட்டும் தனியத் திரும்பி வந்தான். அவளத்தான் கட்டுவன் எண்டு நிண்டு கட்டினான். நல்லாத்தான் இரிக்காங்களாம். எனக்குக் கலியாணத்துக்குச் சொல்லல்ல. அதுக்குப் பிறகு அக்கா என்னோட கதைக்கிறதில்ல.” யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “லீடர், நான் பொய் ஒண்டும் சொல்லல்லியே. எங்க பிழைச்சதெண்டு இவ்வளவு காலமும் எனக்கு விளங்கல்ல. இண்டைக்கு அந்தப் புள்ள புரியாணிக்குச் சண்ட புடிக்கக்குள்ளதான் விளங்கினது. தெரிஞ்சா ஆக்கள் வேணாமெண்டு சொல்லுவாங்க எண்டுதான் நான் எப்பவும் கணக்குப் போட்டிரிக்கன். தெரிஞ்சும் வேணுமெண்டு சொல்லுவாங்க எண்டு ஒருக்காலும் போடல்ல.”

“அப்ப அக்காட்டப் போய்ச் சொல்லுங்களன்.”

“அவ என்னப் பாக்க விரும்பமாட்டா,” என்றார். அக்காவைக் கேட்காமலே.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் அலுவலகப் படியில் ஏறிக்கொண்டிருந்தவர் பாதிவழியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை நெஞ்சில். முகமெல்லாம் வேர்வை. பின்னால் வந்த பசீலா பதறிப்போனாள்.

“என்ன அண்ணன் செய்யிது?”

“நெஞ்சுக்குள்ள… பொறுங்க தங்கச்சி. இது நோவா, இறுக்கமா எண்டு முதல்ல பிரிச்சுப் பாக்…”

“பிரிக்க வேணாம்!” என்று மேலேயிருந்து நான் கத்தினேன். “ஓட்டோவில ஏறுங்க!”

ஆசுபத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, பின்னேரமே குழாய் விட்டுத் திறக்கவேண்டும் என்றார். சொந்தக்காரர் யார் என்று கேட்டதற்கு அண்ணன், “ஆருமில்ல,” என்றார். டொக்டர் நகர்ந்ததும் எங்கள் இருவரையும் கிட்ட வரச் சொன்னார்.

“அக்காக்குச் சொல்லப்படாது. நான் புத்தி தெளிவா இரிக்கக்குள்ள சொல்றன். இதுல ஒருத்தரும் வந்து தெரிஞ்சிருந்தா கிரிஞ்சிருந்தா எண்டு கை வைக்கப்படாது. சரியா?”

நாங்கள் வெளியே வந்தோம். வராந்தாவின் முனைக்கு நடந்தோம். பிறகு நான் சொன்னேன்: “பசீலா, அக்காக்கு அறிவிப்பம். இவருக்கு உள்ளுக்குள்ள அவதான் வேணும். இவர்ட கணக்கையே இவருக்குப் போட்டுப் பாத்தா அதுதான் விடை.”

“ஏலா மிஸ், அது சரிவராது.” அவள் கண் கலங்கியிருந்தது. “இவ்வளவு நாளும் நான் என்னத்துக்கு இவரோட சண்ட புடிச்ச? எனக்கு என்ன வேணுமெண்டு நான்தான் சொல்லோணும் எண்டுதானே? இண்டைக்கு அவருக்கு என்ன வேணுமெண்டு நான் சொன்னா, அண்டைக்கு நான் புடிச்ச சண்டை பொய்.”

“அவருக்கு ஏதும் ஆகிட்டா?”

பசீலா சுவரில் சாய்ந்தாள். “மிஸ், எனக்கு ஒண்டு தெரியும்,” என்றாள். “அந்த அக்கா எங்கட அலுவலகத்துக்குக் கீழ இரிக்கிற புடவைக் கடைக்கு வாறவ. என்னக் கண்டா ‘மேல இரிக்கிறவர் சாப்புட்டாரா’ எண்டு கேப்பா. தம்பிக்குச் சொல்லப்படாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கியிரிக்கிறா.”

“அப்ப போய் இவரிட்டச் சொல்லு!”

“அவக்குக் குடுத்த சத்தியம்?”

“அவவுக்குப் போன் எடுத்து, சொல்லவா எண்டு கேளு!”

“எடுத்தா, இவர் ஆசுபத்திரியில எண்டு சொல்லோணுமே! இவருக்குக் குடுத்த சொல்லு?”

அளவையியல் சேர் உள்ளே படுத்திருந்தார். வெளியே அவருடைய பாடத்தில் எங்களுக்குச் சோதினை நடந்தது. நான் பெயில். பசீலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விறுவிறென்று உள்ளே போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

“அண்ணன், ஒரு கேள்வி. ஒராள் ஒண்டு வேணாமெண்டு சொல்றார். அவருக்குத் தெரியாத விசயம் ஒண்டு இரிக்கி. எனக்கு அது தெரியும். சொல்லமாட்டனெண்டு வேறொராளுக்கு வாக்குக் குடுத்திரிக்கன். இப்ப நான் என்ன செய்ற?”

நெஞ்சில் வயர்களோடு படுத்திருந்த மனிதருக்கு முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

“விசயம் தெரிஞ்சா அவர்ட முடிவு மாறுமா?”

“அத அவர்தான் சொல்லோணும். நான் சொல்லேலா.”

“நல்ல பதில். வாக்கு ஆருக்குக் குடுத்த?”

“சொல்லேலா.”

“பொம்புளையா?”

“சொல்லேலா.”

கொஞ்சம் யோசித்தார். வெளிச்சம் மெல்ல மாறியது. “கீழ கடைக்கு வாற ஆளா?”

பசீலா கூரையைப் பார்த்தாள்.

“சேல வாங்கவா வாற?” என்று கேட்டபடி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஒண்டும் வாங்குறல்ல அண்ணன்,” என்று சொல்லிவிட்டாள் பசீலா. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த அக்கா எந்த அக்கா என்று கேட்கவில்லை. கையை நீட்டி, “போனத் தாங்க,” என்றார். இலக்கம் மனப்பாடமாக இருந்தது. “அக்கா” என்றார். அதோடு போனை என்னிடம் நீட்டிவிட்டார். நான் வாங்கி, விசயத்தைச் சொன்னேன். மறுமுனையில் எழும்பிய ஏச்சு பக்கத்துக் கட்டில்காரருக்கும் கேட்டது.

அரை மணித்தியாலம் ஆகவில்லை. தலையணை, போர்வை, சுடுதண்ணிப் போத்தலோடு அக்கா வந்து நின்றார். அவரைப்போலவே தாடை, அவரைப்போலவே நெற்றி. கட்டிலடியில் நின்று ஒரு மூச்சு ஏசி முடித்தார்.

“ஆருக்கு என்ன விருப்பமெண்டு ஊருக்கெல்லாம் நீ சொல்லுவ. உனக்கு என்ன விருப்பமெண்டு ஒரு நாள் என்னட்டச் சொன்னியாடா?”

“நீ வரோணுமெண்டு விருப்பம் அக்கா.”

நான் அவரோடு பழகிய காலத்தில், ஒரு கேள்விக்கு ஒரே ஒரு பதில் சொன்னது அப்போதுதான்.

அக்கா மூக்கைச் சிந்தினார். “மருமகனும் வந்திரிக்கான். வெளியில நிக்கிறான். உனக்குப் பயத்துல.”

வந்தவர் கொஞ்சம் தடித்த, மிகவும் மரியாதையான மனிதர். அண்ணன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அண்டைக்கு நான் சொன்னதெல்லாம் உண்மைதானே?”

அக்கா பல்லைக் கடித்தார். எனக்கும் பசீலாவுக்கும் எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

“உண்மதான் மாமா,” என்றார் மருமகன். “இப்பவும் பத்து மணிக்குத்தான் எழும்புறா. நான்தான் தேத்தண்ணி போட்டு வெச்சிட்டு வேலைக்குப் போற.”

“எறியிறாவா?”

“சின்னச் சாமான்தான்.”

அண்ணன் சிரிக்கத் தொடங்கி, நெஞ்சில் மாட்டிய மெசின் கத்தத் தொடங்கி, தாதி ஓடிவந்து எங்கள் எல்லாரையும் வெளியே துரத்தினார்.

பின்னேரம் அடைப்பை எடுத்தார்கள். அண்ணன் பிழைத்துக்கொண்டார். அக்கா அவரை ஆரையம்பதிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பார்க்கப் போனபோது, அக்கா மகளின் சின்னப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, அது எதற்காக அழுகிறது என்று ஊகிக்காமல், “என்ன வேணும், நீயே சொல்லு,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவர் காத்திருந்தார்.

அவர் வேலைக்குத் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் கம்பனியும் தமிழ் போதும் என்று எங்கள் மாடியை மூடிவிட்டது. பசீலா மாமாவின் கடையைப் பெரிதாக்கி நடத்துகிறாள். நான் இப்போது டவுனில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நல்ல இடம். எதைக் கேட்டாலும் எல்லாரும் டக்கென்று பதில் சொல்கிறார்கள். வேலை நேரத்தோடு முடிந்துவிடுகிறது. பின்னேர பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு முழுவதும் நான் ஒருவரோடும் கதைக்காத மாதிரி இருக்கிறது.